மணலில் நின்று கண்ட பூசை

கேள்வி: செப்டம்பர் 8 அன்று வேளாங்கண்ணியில் திருவிழாப் பூசைக்குப் போயிருந்தோம். கூட்டத்தில் பீடத்தைப் பார்க்கக்கூட முடியவில்லை. ஒலிபெருக்கியில் கேட்டதோடு சரி. நாங்கள் நின்ற இடத்துக்கு நன்மையும் வந்து சேரவில்லை. பாதயாத்திரையாக வந்த என் கணவர் பிரசங்கத்தின்போது தூங்கிவிட்டார். கூட வந்த பக்கத்து வீட்டு அக்கா இந்து. “நானும் நன்மை வாங்கலாமா?” என்று கேட்டார், எனக்குச் சொல்லத் தெரியவில்லை. நாங்கள் பூசை கண்டதாகக் கணக்கா, ஃபாதர்?
– ஒரு வாசகி, திருப்பூர்

பதில்: கண்டதாகத்தான் கணக்கு, அம்மா. பீடம் கண்ணில் பட வேண்டும் என்று திருச்சபை எங்கும் சொல்லவில்லை. அந்தக் கூட்டத்தோடு நின்று, செபங்களுக்கு நீங்களும் ‘ஆமென்’ சொன்னீர்கள் அல்லவா? அதுதான் பங்கேற்பு. வீட்டுச் சோபாவில் உட்கார்ந்து டிவியில் பார்ப்பதும் இதுவும் ஒன்றல்ல.

நன்மை கிடைக்காததற்கும் கலங்க வேண்டாம். ஆண்டுக்கு ஒருமுறை, பாஸ்கா காலத்தில் நன்மை வாங்குவதுதான் கட்டாயம். ஒவ்வொரு பூசையிலும் வாங்குவது நல்லது. வாங்காததால் பூசை குறைபட்டுப்போவதில்லை. “ஆண்டவரே, உள்ளத்திலாவது வாரும்” என்று அந்த நேரத்தில் வேண்டியிருந்தால் அதுவே ஆசை நன்மை. அடுத்த முறை, நன்மை கொடுக்கும் குருக்களுக்குக் குடை பிடித்து நிற்கும் இடத்தைப் பார்த்து முன்னதாகவே நகர்ந்துவிடுங்கள்.

எனக்கு வருத்தம் வேறொரு கூட்டத்தைப் பற்றி. ஆகஸ்ட் 29 கொடியேற்றம் தொடங்கி எத்தனையோ பேர் மணிக்கணக்கில் வரிசையில் நின்று மாதாவைப் பார்க்கிறார்கள். மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டுப் பூசைக்கு நிற்காமல் பஸ் ஏறிவிடுகிறார்கள். 8ஆம் தேதி மாதாவின் பிறந்தநாள். விசேஷ வீட்டுக்குப் போய்ப் பிள்ளையைப் பார்த்துவிட்டு இலையில் உட்காராமல் திரும்பினால் வீட்டுக்காரர் என்ன நினைப்பார்? ஞாயிறாக அமைந்தாலொழிய அது கடன் திருநாள் அல்ல என்பது உண்மைதான். அவ்வளவு தூரம் வந்தவர்கள் கடனைப் பார்த்தா வந்தார்கள்?

இனி உங்கள் அக்காவின் கேள்வி. நன்மை வாங்கக் கூடாது என்பதே பதில். இதில் தீட்டு, சுத்தம் என்ற பேச்சே இல்லை. குருவானவர் அப்பத்தை உயர்த்திக் காட்டி “கிறிஸ்துவின் திருவுடல்” என்றதும் நாம் சொல்லும் ‘ஆமென்’, இந்த விசுவாசமும் இந்தத் திருச்சபையும் எனக்கு உரியவை என்று கொடுக்கும் வாக்கு. நம் வீட்டுப் பிள்ளைகளே மறைக்கல்வி முடித்துப் புதுநன்மை வாங்கும்வரை காத்திருக்கிறார்கள். மனம் ஒப்பாத ஒரு வாக்கை அவர் வாயிலிருந்து வாங்குவது அவருக்கு நாம் செய்யும் மரியாதை ஆகாது. மற்றபடி பூசையில் இருக்கலாம், பாடலாம், மெழுகுவர்த்தி ஏற்றலாம், நேர்ந்திருந்தால் மொட்டை போட்டுக்கொள்ளலாம். குளக்கரையில் மாதாவின் குழந்தைக்குப் பால் கொடுத்த பையன் இந்துப் பிள்ளை என்றுதானே வேளாங்கண்ணிக் கதையே தொடங்குகிறது! 1962இல் பசிலிக்காவாக உயர்த்தப்பட்ட பிறகும் அந்த வாசல் யாருக்கும் சாத்தப்படவில்லை.

உங்கள் கணவரை விட்டுவிடுங்கள். கெத்சமனியில் பேதுருவே தூங்கியவர். அவர் பாதயாத்திரை வந்ததாகக்கூடத் தெரியவில்லை.

அடுத்த ஆண்டு போவதானால் பாவசங்கீர்த்தனத்தை உங்கள் பங்கிலேயே முடித்துக்கொண்டு புறப்படுங்கள். நன்மைக்கு ஒரு மணி நேரம் முன்பு உணவை நிறுத்தினால் போதும். தண்ணீர் தாராளமாகக் குடிக்கலாம். செப்டம்பர் வெயிலில், அதுவும் கடற்கரை மணலில், கட்டாயம் குடியுங்கள்.