பெயர் ஒருவருக்கு, வேலை ஒருவருக்கு

சர்க்கார் வேலையை யாருக்குக் கொடுப்பது நியாயம்? குறைந்த விலை கேட்பவனுக்கா, இதுகாறும் ஒன்றும் கிடைக்காதிருந்தவனுக்கா? இவ்விரண்டில் ஒன்றைத் தேர்ந்து சொல்லிவிட்டால் விவகாரம் தீர்ந்ததென்று நம்மவரிற் பலர் எண்ணுகின்றனர். நாமும் அவ்வாறே எண்ணியிருந்தோம். சூலியா தெருவில் ஒரு தேநீர்க் கடையில் நடந்த சிறு சம்பாஷணை அவ்வெண்ணத்தைக் கலைத்துவிட்டது.

நாம் செபராங் பிறையில் ஒரு தோட்டத்துக் கிராணி. மாதம் ஒருமுறை கடல் தாண்டிப் பினாங்குக்கு வந்து, நாகூர் தர்கா நிற்கும் மூலையிலிருந்து சூலியா தெருவழியே நடப்பது நமது வழக்கம். சோழமண்டலக் கரையிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம் வணிகரின் பெயரைத் தாங்கிய தெரு அது. காசு மாற்றுவோரும், பழைய புத்தகம் விற்போரும், அயல்நாட்டு யாத்திரிகர் தங்கும் விடுதிகளும் அங்கே நெருங்கி நிற்கின்றன. அன்று நமக்காகக் காத்திருந்தவர் நமது தோட்டத்து லயத்தில் பிறந்த ஒரு வாலிபர். கட்டடங்களுக்குச் சாயம் பூசுவதும், ஒழுகும் கூரையைச் செப்பனிடுவதும் அவர் தொழில். கணினியில் நிரப்ப வேண்டிய பாரத்தைக் கடுதாசியில் அச்சிட்டுக் கொண்டுவந்திருந்தார்.

"கிராணி ஐயா, இதில் முன் அனுபவம் என்று கேட்கிறார்களே, என்ன எழுதுவது?" என்றார்.

"ஏன் தம்பி, சென்ற வருஷம் ஒரு பள்ளிக்கூடம் முழுவதும் சாயம் பூசினீர்களே, அதை எழுதுங்கள்."

"அது என் பெயரில் இல்லையே, ஐயா."

வேலை வேறொருவர் லைசென்ஸில் எடுக்கப்பட்டதாம். வாசற்பலகையில் இருந்தது அவருடைய பெயர். பெயரைக் கொடுத்ததற்காகத் தொகையில் ஒரு பங்கு அவருக்குப் போயிற்று. அவர் தூரிகையைத் தொட்டதில்லை. ஆயினும், அப்பள்ளிக்கூடம் என்றைக்கும் அவருடைய அனுபவமாகவே கணக்கில் நிற்கும். பங்கு போனது ஒரு நஷ்டம்தான்; சம்பாதித்தால் அதை ஈடு செய்துகொள்ளலாம். செய்த வேலையே செய்யாததாகிப் போனதற்கு ஈடு ஏது?

இந்நாட்டில் இவ்வியாபாரத்தை 'அலி பாபா' என்பர். மலாய்க்காரர் பெயர் கொடுக்க, சீனர் வேலை நடத்துவது என்று பொருள். மூன்றாவதாக நின்று ஏணியில் ஏறும் தமிழனுக்கு அந்தச் சொல்லிலும் இடமில்லை!

இதன் வரலாறு எல்லோரும் அறிந்ததே. 1969ஆம் ஆண்டுக் கலகத்திற்குப் பின், 1971இல் புதிய பொருளாதாரக் கொள்கை பிறந்தது. 1990க்குள் நாட்டின் வர்த்தக உடைமையில் 30 விழுக்காடு பூமிபுத்திரரைச் சேரவேண்டும் என்பது அதன் குறி. சிறு கட்டட வேலைகள் அவர்களுக்கென ஒதுக்கப்பட்டன. நிதி அமைச்சின் விதிகளில், வேலையின் தொகைக்குத் தக்கபடி 2.5 முதல் 10 விழுக்காடு வரை விலைச் சலுகையும் அவர்களுக்கு உண்டாயிற்று. இதைக் கேட்டவுடன் கொதிப்பவர் உண்டு. நாம் அவ்வளவு விரைவாகக் கொதிக்க விரும்பவில்லை. வெள்ளையர் ஆட்சியில் நெல் வயலிலும் மீன் பிடியிலும் ஒதுங்கிக் கிடந்த ஒரு சமூகம் தனக்கும் பங்கு கேட்டது அநியாயமன்று. அமெரிக்காவில் ரிச்மண்ட் என்னும் நகரத்தில் கருப்பினத்தார் ஏறக்குறைய பாதிப்பேர். ஆனால் 1978 முதல் 1983 வரை நகராட்சி கொடுத்த காண்டிராக்டுகளில் சிறுபான்மையோர் கைக்கு வந்தது 0.67 விழுக்காடே. இதைக் கண்டபின் அந்நகராட்சி 30 விழுக்காடு ஒதுக்கியதை யார் குறை சொல்வார்? உச்ச நீதிமன்றம் 1989இல் அதைத் தள்ளிவிட்டது. அந்நகரில் வாழ்ந்தார்களா என்பதே தெரியாத எஸ்கிமோ ஜாதியாரையும் பட்டியலில் சேர்த்திருந்ததை நீதிபதிகள் சுட்டிக் காட்டினர். ஆளைப் பாராமல் பெயரை மட்டும் பார்த்துப் பட்டியல் எழுதினால் இப்படித்தான் ஆகும்.

இந்தியாவிலும் 2012ஆம் ஆண்டு உத்தரவொன்று உண்டு. மத்திய சர்க்கார் இலாகாக்கள் வாங்கும் பொருளில் ஐந்தில் ஒரு பங்கு சிறு தொழிலாளரிடம் வாங்கவேண்டும் என்றது. 2018இல் அது நான்கில் ஒரு பங்காயிற்று. அதற்குள் தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் நடத்தும் தொழில்களுக்கு 4 விழுக்காடு, பெண்களுக்கு 3 விழுக்காடு. அந்த 4 விழுக்காடு பல ஆண்டுகளாக எட்டப்படவேயில்லை.

அப்படியானால் கதவை எல்லோருக்கும் திறந்துவிடுவதே வழி என்பர் சிலர். பினாங்கு மாநில அரசு 2008 முதல் பகிரங்க டெண்டர் முறையைக் கைக்கொண்டது. மறைவில் நடந்தது வெளிச்சத்திற்கு வந்தவரையில் நன்மையே. எனினும் நமது வாலிபரின் பாரத்தை மறுபடி பாருங்கள். ஜாமீன் பணம், வங்கியில் இருப்பு, முன் அனுபவம் என்று வரிசையாகக் கேட்கிறது. கதவு திறந்துதான் இருக்கிறது. வாசற்படி நெஞ்சளவு உயரம். இதே தீவில் முன்பு அபின் குத்தகையும் சாராயக் குத்தகையும் பகிரங்க ஏலத்தில்தான் போயின. அபினை 1910இல் சர்க்காரே ஏற்கும் வரையில், பெருந்தனவந்தர் கூட்டுச் சேர்ந்து எடுத்தனரேயன்றிச் சூலியா தெருப் பெட்டிக்கடைக்காரர் எடுக்கவில்லை.

ஆகவே, ஒதுக்கீடா பகிரங்கமா என்பதற்கு முன்னதாகக் கேட்க வேண்டியது வேறு. காகிதத்திலுள்ள பெயரும் வேலை செய்த கையும் ஒரே ஆளுடையவைதானா? 2025இல் நாடாளுமன்றத்தின் மக்களவை அரசாங்கக் கொள்முதல் மசோதாவை நிறைவேற்றியது. அதிகாரம் யார் கையில் என்று அப்போது பலத்த வாதம் நடந்தது. கை யாருடையது என்னும் வாதத்தையும் அவ்வளவு பலமாகக் கேட்க நமக்கு ஆசை.

இவ்வளவும் எழுதும்போது நமது பேனாவே நம்மைக் குத்துகின்றது. 1818இல் எழுந்த செயின்ட் ஜார்ஜ் ஆலயத்தைக் கட்ட உழைத்த இந்தியக் கைதிகளின் பெயரை யாரும் பொறித்து வைக்கவில்லை என்று நாம் மேடையில் பேசியதுண்டு. தலைக்காசு வாங்கிய கங்காணியை ஏசியதும் உண்டு. ஆனால் நமது தோட்டத்துச் செக்ரோலில் நிரந்தரத் தொழிலாளிக்கு மட்டுமே பெயர். காண்டிராக்டுக்காரர் அழைத்துவரும் ஆட்களுக்கு இல்லை. 'ஆட்கள் 12' என்று எழுதிக் கையெழுத்திடுவது இந்தக் கைதான். பத்து வருஷமாக எழுதிவருகிறோம்.

பாரத்தின் கடைசிப் பக்கத்தில், தொழிலாளர் விவரம் என்றொரு கட்டம் இருந்தது. "எத்தனை பேர், தம்பி?" என்றோம்.

"நாலு பேர், ஐயா. நாலு என்று போட்டுவிடுங்கள்."

"பெயர் சொல்லுங்கள்."

இரண்டு பெயரை உடனே சொன்னார். மூன்றாவதைச் சற்று யோசித்துச் சொன்னார். நான்காமவரை எப்போதும் 'டேய்' என்றே கூப்பிட்டுப் பழக்கமாம். தேநீரைப் பாதியில் வைத்துவிட்டு, அந்த ஆளிடமே கேட்பதற்காகத் தொலைபேசியை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினார். நாம் கட்டத்தை நிரப்பாமல் காத்திருந்தோம்.