வலியை எழுதாமல் விடலாமா?

போன செமஸ்டர் லீவில் வீட்டுக்குப் போயிருந்தேன். அம்மாவுக்கு மெடிக்கல் கார்டு எடுக்க ஏஜெண்ட் அக்கா வந்திருந்தார். பாரம் நிரப்பும் வேலை என் தலையில் விழுந்தது. இதற்கு முன் முதுகுவலிக்குச் சிகிச்சை எடுத்ததுண்டா என்று ஒரு கேள்வி. அங்கே பேனா நின்றுவிட்டது.

அம்மா தொழிற்சாலையில் நின்றுகொண்டே வேலை செய்பவர். நாலு வருஷமாக முதுகுவலி. "அத எழுதாத தம்பி. எழுதினா முதுகுக்கு கவர் பண்ண மாட்டாங்க. எல்லாரும் இப்படித்தான் செய்றாங்க" என்றார் அக்கா.

மாமா திருக்குறளையே துணைக்கு அழைத்தார். குற்றமற்ற நன்மை தருமானால் பொய்யும் வாய்மைக்குச் சமம் என்று வள்ளுவரே சொல்லிட்டாரே, அம்மா வலி தீருவதைவிட வேறென்ன நன்மை வேணும் என்றார். எனக்கு உடனே பதில் வரவில்லை. "நாளைக்கு எழுதித் தரேங்க்கா" என்று பாரத்தை வாங்கி வைத்துக்கொண்டேன்.

ராத்திரி யோசித்தபோதுதான் புரிந்தது. வள்ளுவர் 'குற்றமற்ற' என்று ஒரு நிபந்தனை போட்டிருக்கிறார். மாமா அதைத் தாண்டிப் போய்விட்டார். காப்புறுதிப் பணம் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் சேர்த்துப் போடும் பொதுப் பணம். கிளெய்ம் கூடினால் எல்லோருக்கும் பிரிமியம் ஏறும். அந்த ஏற்றம் தாங்க முடியாமல் போனதால்தான், உயர்வைக் குறைந்தது 3 ஆண்டுகளுக்குப் பிரித்துப் போடச் சொல்லி 2024 டிசம்பரில் பேங்க் நெகாரா அறிவித்தது. நான் மறைத்தால் என் அம்மாவுக்கு நன்மைதான். ஆனால் அதற்குக் காசு கட்டுவது இன்னொருவருடைய அம்மா. மறுநாள் உண்மையை எழுதினேன்.

கார்டு வந்தது, முதுகெலும்பை விலக்கிவிட்டு. சமய வகுப்பில் படித்த சத்தியத்தைக் காப்பாற்றிவிட்டேன் என்று இரண்டு நாள் பெருமையாக இருந்தது. மூன்றாம் நாள் அம்மா தைலத்தைத் தேய்த்துக்கொண்டு வேலைக்குக் கிளம்புவதைப் பார்த்தேன். உண்மையைச் சொன்னது நான். அதற்கு விலை கொடுப்பது அம்மா. பிறர் செலவில் பேசிய சத்தியம் எனக்கு எப்படிப் பெருமையாகும்?

பிறகு பாலிசியை முழுசாகப் படித்தேன். பெரும்பாலான மெடிக்கல் கார்டுகள் வார்டில் படுத்தால்தான் பணம் தரும். 3 மாதத்துக்கு மேல் நீடித்தால் அது நாள்பட்ட வலி. அதற்குத் தேவை தொடர்ந்து பிசியோ, மருந்து, பயிற்சி. பொய் சொல்லியிருந்தாலும் அந்தச் செலவு கைக்காசுதான். அரசாங்க மருத்துவமனையில் ஸ்பெஷலிஸ்டைப் பார்க்க 5 வெள்ளி போதும், ஆனால் அடுத்த தேதி பல மாதம் தள்ளிக் கிடைக்கிறது. நடுவில் உள்ள நாட்களை யார் பார்ப்பது?

குடும்பம்தான் பார்க்க வேண்டும். இப்போது வாரக்கடைசியில் கணக்கு டியூஷன் எடுக்கிறேன். மாதம் இரண்டு முறை பிசியோவுக்கு அந்தப் பணம் போகிறது. அக்காவும் ஒரு பங்கு போடுகிறாள். பெரிய தியாகமெல்லாம் இல்லை, நான் எழுதிய உண்மைக்கு என் பங்கு பிரிமியம்.

இன்னொரு தவறையும் ஒப்புக்கொள்கிறேன். முன்பெல்லாம் அம்மா வலிக்குது என்றால், "வயசாச்சுலம்மா" என்று போனைப் பார்த்துக்கொண்டே சொல்வேன். எக்ஸ்ரேயில் ஒன்றும் பெரிதாகத் தெரியவில்லையே என்ற எண்ணம். வலியை ஒருவர் சொன்னால் அந்தச் சொல்லை மதிக்க வேண்டும் என்று சர்வதேச வலி ஆய்வுச் சங்கம் 2020-இல் தன் விளக்கத்திலேயே எழுதியிருக்கிறது. கம்பெனியிடம் மறைக்காத வலியை வீட்டில் நாமே நம்பாமல் இருந்தால், அதுவும் ஒரு பொய்தானே?

நாளைக்கு உங்கள் வீட்டுக்கும் அந்தப் பாரம் வரும். உண்மையை எழுதுங்கள். எழுதி முடித்ததும், இதனால் வரும் செலவில் என் பங்கு எவ்வளவு என்று அன்றைக்கே வீட்டில் உட்கார்ந்து பேசுங்கள்.