ஒன்பது மணிக்கு மறையும் பழுது

"காலையில எடுக்கும்போது ஸ்டீயரிங் இறுக்கமா இருக்குண்ணே, திருப்பினா முனகுது. கொஞ்ச தூரம் ஓடிட்டா சரியாயிடுது." மார்கழி பிறந்துவிட்டால் திண்டிவனம், விழுப்புரம் பட்டறைகளில் இந்தப் பேச்சு காதில் விழும். மெக்கானிக் வண்டியை எடுத்துப் பார்ப்பது பதினோரு மணி வெயிலில். டாக்டர் வாசலில் காணாமல் போகும் பல்வலியைப் போல முனகலும் இருக்காது, இறுக்கமும் இருக்காது. "குளிருக்கு அப்படித்தாங்க இருக்கும்" என்று அவர் சொல்ல, வந்தவர் நிம்மதியாகத் திரும்பிவிடுவார். அந்த நிம்மதியைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

நம் ஊர்க் குளிர் எவ்வளவு பெரிய குளிர்? லேயிலும் மணாலியிலும் உறைநிலைக்குக் கீழே போகும் இரவுகளில் ஸ்டீயரிங் ஆயில் கெட்டிப்பட்டு பம்பு திணறுகிறது என்றால் நியாயம். விழுப்புரத்து விடியல் 20 டிகிரியை ஒட்டி நிற்பது. ஒழுங்காக இருக்கும் பவர் ஸ்டீயரிங்குக்கு அது ஒரு பொருட்டே இல்லை. இவ்வளவு இளங்குளிருக்கே ஒரு வண்டி முனகுகிறது என்றால், பழி குளிரின்மேல் விழக் கூடாது. பானட்டைத் திறந்து பார்த்தால் காரணம் பெரும்பாலும் கண்ணிலேயே படும். ஆயில் குறைந்து அடிக்கோட்டுக்குக் கீழே கிடக்கும். எங்கோ ஒரு ஹோஸ் கசிந்துகொண்டிருக்கும். அல்லது ஆயில் கறுத்து, நுரைத்து இருக்கும். நுரை என்றால் உள்ளே காற்று ஏறியிருக்கிறது. பம்பைச் சுழற்றும் பெல்ட் தளர்ந்திருந்தால் பனி ஈரத்தில் வழுக்கிக் கீச்சிடும். இன்ஜின் சூடேறியதும் ஆயில் இளகும், பெல்ட் காயும், சத்தம் அடங்கும். கசிவு மட்டும் அப்படியே இருக்கும். பம்பு இல்லாமல் மோட்டாரில் இயங்கும் புது ஸ்டீயரிங்குகளில் முனகலுக்குப் பதிலாக எச்சரிக்கை விளக்கு எரியும். அங்கே முதலில் பார்க்க வேண்டியது பேட்டரியை.

பிரேக்கில் குளிரைவிட ஈரம்தான் நம் எதிரி. இரவெல்லாம் பனியில் நின்ற டிஸ்கில் காலையில் செந்நிறத் துரு மெல்லிசாகப் படிந்திருக்கும். முதல் சில அழுத்தலில் உரசிப் போய்விடும். அதற்குப் பயப்பட வேண்டாம். பயப்பட வேண்டியது கண்ணுக்குத் தெரியாத ஈரத்துக்கு. பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டது. டாட் 4 வகை ஆயில் புதிதாக இருக்கையில் குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது என்பது தரக்கணக்கு. நான்கு சதவீதம்கூட வராத அளவு ஈரம் சேர்ந்தாலே அந்த வரம்பு 155 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. மலையிறக்கத்தில் ஆயில் கொதித்து ஆவியானால், மிதித்த பெடல் தரைவரை போகும், வண்டி நிற்காது.

2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் கொட்டியபோது விழுப்புரம் மாவட்டத்து மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டரை ஒட்டிப் பெய்தது மழை. அப்படித் தண்ணீரில் நின்ற வண்டி மறுநாளே ஸ்டார்ட் ஆகிவிட்டால் தப்பித்தோம் என்று தோன்றும். டிரம்முக்குள் புகுந்த சேறும் ஹேண்ட் பிரேக் கேபிளில் ஏறிய துருவும் மெதுவாகத்தான் வெளிவரும். சில வாரம் கழித்து ஒரு பனிக்காலையில் சக்கரம் பிடித்துக்கொண்டு நகர மறுக்கும்.

லாரியிலும் பஸ்ஸிலும் இந்த ஈரம் இன்னும் வெளிப்படை. ஏர் பிரேக்குக்காகக் காற்றை அழுத்தி டேங்கில் சேர்க்கும்போது அதிலுள்ள ஈரம் தண்ணீராகப் பிரிந்து அடியில் தங்கும். டேங்குக்குக் கீழே உள்ள வால்வைத் திறந்தால் சீறிக்கொண்டு பழுப்புத் தண்ணீர் வரும், சில வண்டிகளில் எண்ணெய் கலந்து பால்போல. அன்றாடம் அதைத் திறந்துவிடும் ஓட்டுநர்மேல் எனக்குத் தனி மரியாதை உண்டு. அந்தத் தண்ணீர் உள்ளேயே தங்கினால் வால்வுகளைத்தான் அரிக்கும்.

ஏர் பிரேக்கில் நான் வியப்பது ஒன்று. ரயிலுக்காக ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் 1872-இல் காப்புரிமை பெற்ற அமைப்பில், குழாயில் காற்று இறங்கினால் பிரேக் தானே பிடித்துக்கொள்ளும். இன்றைய லாரியின் ஸ்பிரிங் பிரேக்கிலும் அதே எண்ணம்தான்: ஸ்பிரிங் எப்போதும் பிடிக்கத் தயாராக இருக்கிறது, காற்றுதான் அதை விலக்கி வைத்திருக்கிறது. பழுது வந்தால் வண்டி நின்றுவிடும். சரிசெய்யாமல் ஓட்ட வழியில்லை. காரின் பவர் ஸ்டீயரிங்குக்கும் பிரேக் பூஸ்டருக்கும் இந்தக் கண்டிப்பு கிடையாது. அவை இன்ஜினிடம் கடன் வாங்கிய பலத்தை நம் கைக்கும் காலுக்கும் கொடுக்கின்றன. இன்ஜின் அணைந்தால் ஸ்டீயரிங் திரும்பும், ஆனால் கனக்கும். பிரேக் பிடிக்கும், ஆனால் பெடல் கல்லாகிவிடும். டீசல் மிச்சம் என்று இறக்கத்தில் இன்ஜினை அணைப்பவர்களைப் பார்த்தால் எனக்கு நடுக்கம்தான் வருகிறது. பூஸ்டரைச் சோதிப்பது எளிது: அணைத்த வண்டியில் பெடலை நாலைந்து முறை மிதித்து, கடைசி மிதியில் காலை எடுக்காமல் ஸ்டார்ட் செய்தால் பெடல் லேசாகக் கீழிறங்க வேண்டும். இறங்கவில்லை என்றால் அன்றைக்கே பட்டறைக்குப் போக வேண்டும்.

ஒன்றரை டன் இரும்பைச் சுண்டுவிரலால் திருப்பிப் பழகியவர்களுக்கு அதன் கனம் நினைவில் இருப்பதில்லை. பனிக்காலையின் முதல் ஐந்து நிமிடத்தில் அந்தக் கனம் தன்னைச் சொல்லிக்கொள்கிறது. நிரந்தரமாக வலிக்கும் பழுதை யாரும் விட்டுவைப்பதில்லை. தானே அடங்கிவிடும் பழுதைத்தான் வருடக்கணக்கில் சுமந்துகொண்டு ஓட்டுகிறோம். தொந்தரவு நின்றதையே குணமானதாக எடுத்துக்கொள்ளும் இந்தப் பழக்கம் வண்டியோடு நிற்பதில்லை. உடம்பையும் உறவையும்கூட நாம் இப்படித்தான் நடத்துகிறோம். ஆனால் வண்டியில் அதன் விலையைப் பெரும்பாலும் எதிரே சைக்கிளில் வருகிறவர் கொடுக்கிறார். அப்படி அடிபட்டவரைக் கொண்டுபோக, திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் போகும் சாலையோரத்திலேயே, முண்டியம்பாக்கத்தில் அரசு மருத்துவமனை இருக்கிறது.

அதனால் காலைப் பழுதைச் சொல்லப் பதினோரு மணிக்குப் போகாதீர்கள். முந்தின நாள் சாயங்காலமே வண்டியைப் பட்டறையில் விட்டுவிட்டு பஸ் பிடித்து வீட்டுக்கு வாருங்கள். விடிந்ததும் முதல் ஸ்டார்ட்டை மெக்கானிக்கே போட்டு, அந்த முனகலைத் தன் காதால் கேட்கட்டும்.