மிச்சமிருக்கும் ஆண்டுகள்

லீஸ்ஹோல்ட் வீட்டை விற்பவர் சுவர்களோடு சேர்த்துக் காலத்தையும் விற்கிறார். மலேசியாவின் 1965ஆம் ஆண்டு தேசிய நிலச் சட்டப்படி, மாநில அரசு நிலத்தை நிரந்தரமாகத் தரலாம். அல்லது அதிகபட்சம் 99 ஆண்டுக் குத்தகைக்குத் தரலாம். குத்தகை முடிந்தால் நிலம் அரசுக்கே திரும்பும். நீட்டிக்க விண்ணப்பிக்கலாம், பிரீமியம் கட்டவேண்டும். ஆனால் முடிவு அரசின் கையில்.

பெட்டாலிங் ஜெயாவில் உள்ள எங்கள் வீட்டுக்கு இன்னும் நாற்பது சொச்சம் ஆண்டுகள். "இப்பவே வித்துட்டா தப்பிச்சிரலாம்லா. இன்னும் பத்து வருசம் போனா வாங்குறவனுக்கு பேங்குல லோன் கெடைக்காது" என்கிறார் அண்ணன். "ஒங்கப்பா லயத்துல பொறந்தவரு. அவரு வாங்குன வீடுடா" என்கிறார் அம்மா. வேலை போனால் வீடும் போகும் என்பதுதான் தோட்டத்து வாழ்க்கை. அங்கிருந்து வந்தவருக்கு 99 ஆண்டு என்பது நிரந்தரம் மாதிரிதான் தெரிந்திருக்கும்.

எனக்கு உறுத்துவது அண்ணனின் 'தப்பிச்சிரலாம்'. நாம் தப்பித்தால் மாட்டிக்கொள்வது யார்?

சிங்கப்பூரில் குத்தகை நிலத்தை மதிப்பிட ஓர் அட்டவணை உண்டு. 'பாலா அட்டவணை' என்றே அதைச் சொல்கிறார்கள். நிரந்தர நிலத்தின் மதிப்பு நூறு என்றால், 99 ஆண்டு மிச்சமுள்ள நிலத்துக்கு 96, அறுபது ஆண்டுக்கு 80, முப்பது ஆண்டுக்கு 60. முதல் 39 ஆண்டுகளில் கரைவது 16 புள்ளிதான். கடைசி முப்பதில் மீதி அறுபதும் போய்விடும். நம் ஊர்ச் சந்தை அந்த எண்களை அப்படியே பின்பற்றாது என்றாலும் சரிவு இதே மாதிரிதான்: தொடக்கத்தில் கண்ணுக்கே தெரியாது, முடிவில் செங்குத்து. கேலாங் லோரோங் 3இல் 191 வீடுகளின் அறுபது ஆண்டுக் குத்தகை 2020 டிசம்பர் 31இல் முடிந்தது. இழப்பீடு இல்லாமல் நிலம் அரசுக்குப் போனது. இழப்பு முழுவதும் கடைசியாகக் கையில் வைத்திருந்தவர்களுக்கு.

"நிலம் யாருக்குத்தான் சொந்தம்?" என்று கேட்கலாம். நிலம் பொதுவுக்குத் திரும்புவது நல்ல கொள்கை என்றே நானும் நினைக்கிறேன். ஆனால் ஃப்ரீஹோல்ட்காரரிடம் யாரும் இந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. விலை குறைவு என்பதற்காக லீஸ்ஹோல்ட் வாங்கியவருக்கு மட்டும் நிலையாமையைப் போதித்தால் அது தத்துவம் ஆகாது.

அப்படியென்றால் விற்பது தவறா? இல்லை. வாங்குபவர் விவரம் தெரிந்தவர், பத்திரத்தில் ஆண்டு எழுதியிருக்கிறது என்பார்கள். சரிதான். ஆனால் புதுச் சமையலறையையும் பக்கத்து எல்ஆர்டி நிலையத்தையும் முதலில் சொல்லிவிட்டு, ஆண்டைக் கடைசியில் முணுமுணுக்கும் பழக்கம் நமக்கு உண்டு. அந்த வரிசையை மாற்ற வேண்டும். குறைந்துபோன மதிப்பை நட்டம் என்று சொல்லிப் புலம்புகிறோம். அந்த ஆண்டுகளில் அந்தக் கூரைக்குக் கீழே வாழ்ந்தது நாம்தானே? நாம் வாழ்ந்து தீர்த்த காலத்துக்கு இன்னொருவரிடம் காசு கேட்பது எந்த நியாயம்?