துவண்ட இதயத்திடம் கேட்பது முறையா?

1958 அக்டோபர் 8 அன்று, சுவீடனின் கரோலின்ஸ்கா மருத்துவமனையில் ஆர்னே லார்சன் என்பவரின் உடலுக்குள் இதயமுடுக்கி முதன்முறையாகப் பொருத்தப்பட்டது. அக்கருவி சில மணி நேரமே இயங்கியது. ஆயினும், இருபதுக்கும் மேற்பட்ட கருவிகள் ஒன்றன்பின் ஒன்றாக மாற்றப்பட, அவர் 2001 வரை வாழ்ந்தார்.

மின்கலம் தீர்ந்தால் மீண்டும் அறுவை மருத்துவம். இத்துன்பத்தை நீக்கவே, இதயத்தின் அசைவிலிருந்தே மின்சாரம் பெறும் வழியை ஆய்வாளர் தேடுகின்றனர். 2014இல் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகர ஆய்வாளர்கள், கையசைவால் தானே முறுக்கேறும் கைக்கடிகாரத்தின் பொறியைப் பன்றியின் இதயத்தில் தைத்தனர். அதிற் கிடைத்த மின்சாரத்தால் அவ்விதயத்தையே துடிக்கச் செய்தனர். 2019இல் சீன ஆய்வாளர்கள் உராய்வு மின்சாரத்தைக் கொண்டு பன்றியிடம் இத்தகைய முயற்சியில் வெற்றி கண்டனர். மனிதரிடம் இம்முறை இன்னும் வழக்கத்திற்கு வரவில்லை.

இங்கே ஓர் அறவினா எழுகிறது. உதவி வேண்டி நிற்பவரிடமே உதவிக்கான விலையைக் கேட்கலாமா?

"கூடாது" என்றே நம் உள்ளம் முதலில் சொல்லும். ஆனால் கணக்கைப் பார்ப்போம். இரத்தத்தைச் செலுத்த இதயம் செலவிடுவது ஏறத்தாழ ஒரு வாட் ஆற்றல். இதயமுடுக்கிக்கு வேண்டியதோ சுமார் 10 மைக்ரோவாட். இலட்சத்தில் ஒரு பங்கு. மேலும், இந்நோயாளர் பலரிடம் தளர்ந்திருப்பது தசையின் வலிமையன்று, துடிப்பின் ஒழுங்கே. இருக்கின்ற வலிமையிலிருந்து சிறிது பெற்று, இல்லாத ஒழுங்கைத் தருவது கொடுமையாகாது.

எனினும் இரு இடர்கள் உள்ளன. தைக்கப்படும் கருவியின் கனமும் விறைப்பும், அது பெறும் ஆற்றலைவிடப் பெருஞ்சுமையாகலாம். அன்றியும், இதயம் தயங்கி நிற்கும் வேளையில் மின்சாரமும் குன்றும். கருவி மிகுதியாகத் தேவைப்படும் வேளையும் அதுவே. ஆதலால், நல்ல நாளில் பெற்றதைச் சேமித்து வைக்கும் கலம் ஒன்று கட்டாயம் வேண்டும்.

ஏழைக் குடும்பத்திற்கு உதவும் நாமும், "உங்கள் பங்கு என்ன?" என்று கேட்பதுண்டு. கேட்பது தவறன்று; கொடுக்க இயன்றவர் என்று மதிக்கப்படுவதும் மனிதருக்கு ஒரு தேவையே. ஆனால் அப்பங்கைத் திரட்ட நாம் வகுக்கும் படிவங்களும் அலைச்சலும் பங்கைவிடக் கனத்துவிடுகின்றனவா? வீட்டுத் தலைவர் நோயில் விழுந்து, பங்கு நின்றுபோகும் மாதத்தில், நம் உதவியும் நின்றுபோகிறதா?

இவ்விரு வினாக்களுக்கும் விடை கூறிய பின்னரே வறியவரிடம் பங்கு கேட்கும் தகுதி நமக்கு உண்டு.