பிரமாதம்

நம் அன்றாட வழக்கில் ‘பிரமாதம்’ என்னும் சொல்லுக்குப் பெரும் மதிப்பு உண்டு. விருந்து நன்றாயிருந்தால் பிரமாதம். பாட்டு நன்றாயிருந்தால் பிரமாதம். பிள்ளை நல்ல மதிப்பெண் பெற்றாலும் பிரமாதம். நம் ஆசாரியர்களின் நூல்களிலோ அதே சொல்லுக்கு அசட்டை, விழிப்பின்மை, கருத்தின்றி இருத்தல் என்று பொருள். உமாஸ்வாமி ஆசாரியர் தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயத்தில் ஹிம்சைக்கு இலக்கணம் கூறுமிடத்து, உயிர் போயிற்று என்பதோடு நிறுத்தவில்லை. பிரமாதம் கலந்த செயலால் உயிரைப் போக்குதலே ஹிம்சை என்றார். ஒரு சொல்லின் இவ்விரண்டு பொருள்களும் ஒரே நாளில் எங்கள் வீட்டுத் திண்ணையில் சந்தித்துக்கொண்டதைச் சென்ற ஐப்பசித் திங்களில் கண்டேன். அன்றுமுதல் என் மனத்தில் இருந்துவரும் கேள்வியை இவ்விதழின் அன்பர்கள் முன் வைக்கிறேன்.

சேலத்தில் பணிபுரியும் என் மகள் வயிற்றுப் பேரனும் அவன் நண்பர்களுமாகப் பன்னிரண்டு பேர், ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில், பன்னிரண்டு மோட்டார் சைக்கிள்களில் ஜலகண்டாபுரத்திலிருந்து கொல்லிமலைக்குப் புறப்பட்டனர். அலுவல் ஒன்றும் இல்லை, நேர்த்திக்கடனும் இல்லை. சாலையின் அழகுக்காகவே சாலையில் செல்வது இக்காலத்து இளைஞர்களின் விருப்பங்களுள் ஒன்று. விசைத்தறி ஓசை ஓயாத எங்கள் தெருக்களை நீங்கி, சங்ககிரிக் கோட்டை மலையைக் கடந்து, திருச்செங்கோடு, நாமக்கல், சேந்தமங்கலம் வழியாகக் காரவள்ளி அடிவாரம் சேர்வது அவர்கள் வகுத்த வழி. நெடுஞ்சாலையைக் கூடியவரை விலக்கி, மரவள்ளியும் நிலக்கடலையும் விளையும் ஊர்களின் ஊடே சென்றார்களாம். காரவள்ளியிலிருந்து மலை ஏறுவதற்கு 70 கொண்டை ஊசி வளைவுகள். மேலே மிளகுக்கொடியும் பலாவும், செம்மேட்டில் வல்வில் ஓரியின் சிலை, அப்பால் ஆகாயகங்கை அருவி. போகவர இருநூறு கிலோமீட்டருக்கு மேல் ஆகும். பெட்ரோலுக்கு ஐந்நூறு ரூபாய் கொடுத்து அனுப்பியவள் நான் என்பதையும் இங்கேயே கூறிவிடுகிறேன். அது பின்னால் வேண்டியிருக்கும்.

இரவு எட்டேகால் மணிக்கு வண்டிகளின் ஓசை தெருமுனையில் கேட்டது. “எப்படி இருந்தது கண்ணு?” என்றேன். “பிரமாதம் ஆயா!” என்றான். “பொழுது சாய்வதற்குள் நாமக்கல்லிலேயே சாப்பிட்டுவிட்டேன்” என்று, நான் கேட்குமுன்பே, மனநிறைவோடு கூறினான். பிறகு தலைக்கவசத்தைக் கழற்றித் திண்ணையில் வைத்தான். அதன் முகப்புக் கண்ணாடி முழுவதும் ஈசல். இறகுகள் மின்விளக்கொளியில் பளபளத்தன. உடல்கள் நசுங்கிக் கண்ணாடியோடு கண்ணாடியாக ஒட்டியிருந்தன. முந்தின நாள் நல்ல மழை. வண்டியின் முன்விளக்கிலும் அதே காட்சி. இன்னும் பதினொரு வண்டிகள் பதினொரு வீடுகளின் வாயிலில் அவ்வாறே நின்றிருக்கும்.

அந்திக்குமுன் உண்பது நம் குடும்பங்களில் பாட்டன் பூட்டன் காலத்திலிருந்து வரும் ஒழுக்கம். விளக்கை நாடி வரும் பூச்சிகள் உணவில் விழுந்து மடியும் என்பது அதற்குக் கூறப்படும் காரணங்களுள் ஒன்று. வீட்டு விளக்கு வைத்த இடத்தில் இருக்கிறது. பூச்சி அதனை நாடி வருகிறது. வண்டியின் விளக்கோ பூச்சியை நாடி ஓடுகிறது. தட்டில் ஓர் உயிரும் விழாதபடி உண்டு முடித்த பிள்ளை, அடுத்த இரண்டு மணி நேரத்தில் எண்ணற்ற உயிர்களை முகத்தில் தாங்கி வந்திருக்கிறான். அவனைக் குறை கூற எனக்கு வாய் வரவில்லை. விதியை அவன் மீறவில்லை. விதி எதற்கென்று நாங்கள்தாம் அவனுக்குக் கூறவில்லை.

“வீணாக ஊர் சுற்றுவது பாவம்” என்று ஒரே வரியில் முடித்துவிடும் பெரியவர்கள் நம்மிடையே உண்டு. அவர்கள் கூற்றுக்கு நூலாதாரமும் உண்டு. சமந்தபத்திர சுவாமிகள் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் வகுத்ததும், அதன் வழியில் நம் அருங்கலச்செப்பு தமிழில் கூறுவதுமான குணவிரதம் மூன்றனுள் ஒன்று அநர்த்த தண்ட விரதம். பயனின்றிச் செய்யும் தீமையை விலக்குதல் என்பது அதன் பொருள். அதன் வகைகளுள் ஒன்று பிரமாதசரியை. மண்ணை வீணே அகழ்தல், நீரை வீணே இறைத்தல், தீயை வீணே மூட்டுதல், செடிகொடிகளை வீணே அறுத்தல் ஆகியவற்றோடு, வீணே திரிதலையும் பிறரைத் திரியச் செய்தலையும் சுவாமிகள் அதில் சேர்த்திருக்கிறார். மோட்டார் சைக்கிள் தோன்றுவதற்குப் பல நூற்றாண்டுகட்கு முன்பே எழுதியது!

ஆயினும் எனக்கு ஓர் ஐயம். இன்பம் என்பதே பயனற்றது எனின், மூன்றாவது குணவிரதமாகப் போகோபபோக பரிமாணத்தை ஏன் வைத்தார்கள்? நுகர்பொருள்களுக்கு அளவு செய்துகொள்க என்பதன்றோ அது. அளவு செய் என்று சொன்னவர், அடியோடு விடு என்று இல்லறத்தாருக்குச் சொல்லவில்லை. திருத்தக்கதேவர் நம் துறவி. அவர் காப்பியத்தில் சச்சந்தன் கருவுற்ற விசயைக்கு மயிற்பொறி செய்தளித்தது அவள் வானில் உலவி மகிழ்வதற்காகவே. பின்னர் அவளையும் வயிற்றிலிருந்த சீவகனையும் காத்தது அந்த விளையாட்டு வாகனமே. மலையைக் கண்டு மகிழ்வதும், மாதம் முழுதும் கணினித் திரையைப் பார்த்த கண்ணுக்குப் பச்சை நிறம் காட்டுவதும் பயனல்ல என்று கூற என்னால் இயலாது.

என் பேரனும் சும்மா இருக்கவில்லை. “2018இல் சிரவணபெளகொள மகாமஸ்தகாபிஷேகத்திற்கு இராத்திரிப் பேருந்தில்தானே போனீர்கள், ஆயா? அந்தப் பேருந்தின் கண்ணாடியை இறங்கிப் பார்த்தீர்களா?” என்று கேட்டான். பார்க்கவில்லை. கோமதேசுவரரைக் காணும் ஆவலில் இரவெல்லாம் துதிகளைச் சொல்லிக்கொண்டே சென்றோம். முன்புறக் கண்ணாடியை ஓட்டுநரின் உதவியாளர் விடியலில் துடைத்ததைக் கண்டேன். என்ன துடைத்தார் என்று எண்ணவில்லை. யாத்திரை என்னும் பெயர் என் கண்ணை மறைத்தது. ஆகவே, பயணத்தின் நோக்கத்தை மட்டும் வைத்து இதனைத் தீர்த்துவிட முடியாதென்று அப்போதே உணர்ந்தேன்.

அன்றைய பயணத்தில் நிகழ்ந்த மற்றொன்றை அவன் மறுநாள்தான் கூறினான். மலையிலிருந்து இறங்கும்போது ஒரு வளைவில் அணில் ஒன்று சாலையில் ஓடிற்று. நான்காவதாக வந்த பிள்ளை அதனைக் கண்டு சட்டென்று தடை போட்டான். மழையில் நனைந்த சாலை, வண்டி சறுக்கிற்று. பின்னால் வந்தவன் அவன்மேல் ஏறாமல் தப்பியது மயிரிழையில். விழுந்தவனுக்கு முழங்காலில் ஆழ்ந்த காயம். நண்பர்கள் ஓடிவந்து தூக்கினர், தூக்கிய பின், “ஓர் அணிலுக்காகவா எங்களையெல்லாம் கொல்லப் பார்த்தாய்?” என்று கடிந்துகொண்டனர். அந்தப் பிள்ளை நம் சமயத்தவன் அல்லன். நெசவாளர் வீட்டுப் பிள்ளை. அணில் பிழைத்தது.

இதனை நான் பலநாள் எண்ணிப் பார்த்தேன். கடிந்துகொண்டவர்கள் கொடியவர்கள் அல்லர். அவர்கள் சொன்னதிலும் உண்மை இருக்கிறது. பத்தடி இடைவெளியில், அந்த வேகத்தில், ஒருவன் இரக்கம் காட்டினால் மற்றொருவன் எலும்பு முறியும். இரக்கமே ஆபத்தாகும்படி ஒரு பயணத்தை அமைத்துக்கொண்டதுதான் பிழை. அப்பிழை அந்த வளைவில் நேர்ந்ததன்று. எத்தனை மணிக்குப் புறப்படுவது, யார் முன்னே செல்வது, எவ்வளவு இடைவெளி விடுவது என்று முதல்நாள் இரவு பேசினார்களே, அப்போதே நேர்ந்துவிட்டது. பிரமாதத்தை ஒரு நொடிக் கவனக்குறைவு என்றே நான் இதுநாள்வரை வகுப்பில் பொருள் கூறிவந்தேன். கவனம் செலுத்த இடமில்லாதபடி காரியங்களை முன்கூட்டியே அடுக்கிக்கொள்வதும் பிரமாதமே என்று இப்போது தோன்றுகிறது.

கூட்டமாகச் செல்வதன் இயல்பை ஆசிரியர்கள் நன்கறிவோம். பிள்ளைகளைச் சுற்றுலாவுக்கு இரட்டை வரிசையில் அழைத்துச் சென்றால், முன்னே செல்பவர்கள் நடப்பார்கள். கடைசியில் வருபவர்கள் எப்போதும் ஓடிக்கொண்டே இருப்பார்கள். ஒவ்வொருவரும் சிறிது சிறிதாகப் பின்தங்க, அத்தனையும் கடைசிப் பிள்ளையின் கணக்கில் சேர்கிறது. மோட்டார் சைக்கிள் வரிசையிலும் அப்படியே என்று பேரன் ஒப்புக்கொண்டான். முதல் வண்டி ஐம்பதில் சென்றால், கடைசி வண்டி எழுபதைத் தொட்டால்தான் எட்டிப் பிடிக்கமுடியுமாம். அப்படி விரைபவனின் கண் முன்வண்டியின் சிவப்பு விளக்கில் இருக்குமேயன்றிச் சாலையில் இராது. நம் முனிவர்கள் ஈரியா சமிதியில் நான்கு முழத் தொலைவைப் பகலொளியில் பார்த்து அடி வைக்கிறார்கள். ஏறக்குறைய 6 அடி. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு நொடியில் 54 அடிக்குமேல் கடக்கிறது. முனிவர் ஒன்பது முறை பார்த்து நடக்கும் வழி, ஒரு கண்ணிமைப்பில் போய்விடுகிறது. மேலும் அது சாதுர்மாசியம் முடியாத காலம். மழைநாளில் உயிர்கள் பெருகும் என்று துறவியர் ஓரிடத்தில் தங்கியிருக்க, நாம் அதே நாள்களைப் பசுமையின் பொருட்டுத் தேர்ந்தெடுத்துப் புறப்படுகிறோம். ஈசல் மட்டுமன்று, கிழக்கு மலைகளுக்கும் மேற்கு மலைகளுக்கும் இடையே பருவமழையை ஒட்டி வண்ணத்துப்பூச்சிகள் கூட்டங்கூட்டமாக இடம்பெயர்கின்றன, அவையும் இச்சாலைகளைக் கடந்தே ஆகவேண்டும்.

பெட்ரோல் பணத்துக்கு வருகிறேன். செய்தல், செய்வித்தல், உடன்படுதல் என்னும் மூன்றும் வினையே என்று சிறுவயதிலேயே படித்தோம். சுற்றுவது அவன், சுற்றச் செய்தவள் நான், வாயிலில் நின்று கையசைத்து உடன்பட்டவளும் நானே. எனவே, “உன் பாவம்” என்று அவனிடம் தள்ளிவிட எனக்கு வழியில்லை. இருவரும் அமர்ந்து பேசினோம். அடுத்த பயணம் கூடாதென்று நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் என்னிடம் மறைத்துவிட்டுப் போயிருப்பான் என்பது வேறு. திக்குவிரதத்தில் கடல், ஆறு, காடு, மலை, நாடு, யோசனை என்று அறிந்த அடையாளங்களை வைத்து எல்லை வகுக்கச் சொல்லியிருப்பதைக் காட்டினேன். அது வாழ்நாள் முழுமைக்குமான எல்லை. ஆயினும் ஒரு நாளுக்கு அப்படி ஒன்றை வகுத்துக்கொள்வதில் தவறில்லை என்றான். மேற்கே காவிரி, கிழக்கே கொல்லிமலை, அதற்கப்பால் இல்லை என்று அவனே குறித்துக்கொண்டான். சூரியன் எழுந்தபின் புறப்பாடு, அந்திக்குள் வீடு. அதற்கு மலையிலிருந்து பிற்பகல் இரண்டு மணிக்குள் இறங்கவேண்டும். அருவியைப் பார்க்க நேரம் போதாது என்று முகம் வாடினான். அருவியா, மலையுச்சியா, இரண்டில் ஒன்று என்று முடிவாயிற்று. மழை மாதங்களில் பயணமே இல்லை.

இவற்றையெல்லாம் கைக்கொண்டாலும் சக்கரத்தின்கீழ் உயிர்கள் மடியும். அதனை நான் அறிவேன், அவனும் அறிவான். கண்ணாடியிலிருந்த ஈசல்களை அன்றிரவே அவன் ஈரத்துணியால் மெல்ல எடுத்து முருங்கை மரத்தடியில் போட்டான். நான் பிரதிக்கிரமண பாடத்தைச் சொன்னேன். அவனும் உடன் அமர்ந்திருந்தான்.

மாசித் திங்களில் மீண்டும் புறப்படுகிறார்கள். பெட்ரோலுக்குப் பணம் கேட்டான், கொடுத்தேன். சுற்றுலா வரிசையில் மெதுவாக நடக்கும் பிள்ளையை முன்னால் விடுவது எங்கள் பள்ளி வழக்கம் என்று நான் கூறியிருந்ததை அவன் நண்பர்களிடம் சொல்லியிருக்கிறான். இம்முறை எல்லாருக்கும் முன்னால் செல்லப்போகிறவன், முழங்காலில் தழும்புள்ள அந்த நெசவாளர் வீட்டுப் பிள்ளை.