இரவல் கோடரி

துணிந்து உண்மை பேச ஒருவருக்குப் பயிற்சி கொடுக்க முடியுமா? இந்தக் கேள்வி எழும்போதெல்லாம் நான் விவிலியத்தின் இரண்டாம் இராஜாக்களைப் புரட்டுவேன். கி.மு. 9-ஆம் நூற்றாண்டு இஸ்ரவேலில் பெத்தேல், எரிகோ, கில்கால் பக்கம் கூட்டமாக வாழ்ந்த ‘தீர்க்கதரிசிகளின் புத்திரர்’, அதாவது தீர்க்கதரிசிகளின் சீடர்கள், அதில் வருகிறார்கள். எலிசா அவர்களுக்குப் பெரியவர். அவர்முன் உட்கார்ந்திருந்தார்கள் என்று இருக்கிறது. என்ன படித்தார்கள் என்று ஒரு வரி கிடையாது.

இருப்பதெல்லாம் வயிற்றுப்பாடும் வீட்டுப்பாடும்தான். பஞ்சகாலத்தில் ஒருவர் விவரம் தெரியாமல் பேய்க்கொம்மட்டிக்காயை அரிந்து கூழ்ப்பானையில் போட்டுவிடுகிறார். வாயில் வைத்தவர்கள் அலறுகிறார்கள். இன்னொருவர் கடனோடு இறந்துபோகிறார். அவர் பிள்ளைகள் இருவரையும் அடிமைகளாக்க வந்துவிட்டான் கடன்காரன். இருக்கும் இடம் போதவில்லையென்று யோர்தான் ஆற்றங்கரையில் மரம் வெட்டப் போகிறார்கள். கோடரி தண்ணீரில் விழுந்ததும் வெட்டியவர் பதறுவது, அது இரவல் என்பதால். சொந்தமாக ஒரு கோடரி இல்லாத மனிதர்! எலிசா அந்த இரும்பை மிதக்கவைத்த அற்புதத்தைவிட அந்தப் பதற்றத்தைத்தான் நான் திரும்பத் திரும்ப வாசிக்கிறேன்.

கூட்டத்துக்கு இன்னொரு முகமும் உண்டு. போருக்குப் போகலாமா என்று இஸ்ரவேல் ராஜா ஆகாப் கேட்டபோது, ஏறக்குறைய 400 தீர்க்கதரிசிகள் ஒரே குரலில் தலையாட்டினார்கள். மிகாயா மட்டும் மாற்றிச் சொன்னார். கன்னத்தில் அறை வாங்கினார், சிறைக்குப் போனார். அடுத்த நூற்றாண்டில், அதே பெத்தேலில், ஆசாரியன் அமத்சியாவிடம், தீர்க்கதரிசனம் சொல்ல வந்த ஆமோஸ் முகத்துக்கு நேரே சொன்னார்: தாம் எந்தத் தீர்க்கதரிசியின் மகனும் இல்லை, மந்தை மேய்த்தவர், காட்டத்திப் பழம் பார்த்தவர். பயிற்சி பெறாதவர் என்பதையே அவர் தம் பலமாக வைத்தார்.

எனவே பேச்சைக் கற்றுத்தர முடியாது என்றே நினைக்கிறேன். பேசியவரைப் பட்டினி போடாமல், பேசியதைத் தொலையவிடாமல் பார்த்துக்கொள்ள மட்டும் பழக்கலாம். ஆகாபின் மனைவி யேசபேல் தீர்க்கதரிசிகளைத் தேடித்தேடிக் கொன்றபோது, அரண்மனை விசாரிப்புக்காரன் ஒபதியா 100 பேரை ஐம்பது ஐம்பதாகக் குகைகளில் ஒளித்துவைத்துச் சோறு போட்டான். தீர்க்கதரிசி ஏசாயாவுக்குச் சீஷர்கள் இருந்தார்கள். எரேமியாவுக்கு வாய்த்தது பாருக்கு. எரேமியா சொல்ல அவன் எழுதிய சுருளை, குளிருக்கு மூட்டிய கணப்பருகே உட்கார்ந்திருந்த யோயாக்கீம் ராஜா, வாசிக்க வாசிக்கக் கத்தியால் அறுத்து நெருப்பில் போட்டான். எரேமியா மறுபடி சொன்னார். பாருக்கு வேறொரு சுருளில் எல்லாவற்றையும் எழுதினான், முன்பு இல்லாத வார்த்தைகளையும் சேர்த்து.